ஆன் ஆர்பரா, கேன்டனா? வீடு தேடும் தம்பிக்கு

போன மாதம் சித்தி மகன் கூப்பிட்டான். அமெரிக்காவில், ஆன் ஆர்பரிலுள்ள மிஷிகன் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஓர் ஆய்வகத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அவன் மனைவிக்கு டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்பார்னில், ஃபோர்டு கம்பெனியில். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. இப்போதைக்கு ஒரே ஒரு கார். "அண்ணா, ஆன் ஆர்பர்லயே இருந்துடலாமா, இல்ல எல்லாரும் சொல்ற மாதிரி கேன்டன் பக்கம் வந்துடலாமா?"

கேட்டதோடு விடவில்லை, ஒரு எக்செல் தாளும் அனுப்பியிருந்தான். ஊர் வாரியாக வாடகை, வீட்டு விலை, பள்ளிக்கூட மதிப்பெண், இந்தியக் கடைக்கு எத்தனை மைல் என்று கட்டம் கட்டமாகப் போட்டு, பச்சை மஞ்சள் வண்ணம் எல்லாம் அடித்திருந்தான். அதில் ஒரு கட்டம் மட்டும் இல்லை. வீட்டில் யார் எத்தனை மணி நேரம் டிரைவராக இருக்கப் போகிறார்கள் என்ற கட்டம்.

நான் ஆன் ஆர்பரில் நாலு வருஷம் வாடகைக்கு இருந்தவன். கேன்டனில் வீடு வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. இரண்டு ஊரையும் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன் ஆர்பர் டெட்ராய்ட்டுக்கு மேற்கே சுமார் 40 மைலில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,23,851. இது போக மாணவர்கள் மட்டும் 50,000க்கு மேல். அந்தக் கணக்கிலும் இந்தக் கணக்கிலும் வருகிறவர்கள் உண்டு என்பதால் கூட்டிப் பார்க்காதீர்கள். பல்கலைக்கழகம் 1817இல் டெட்ராய்ட்டில் தொடங்கி, 1837இல் இங்கே வந்தது. நடுவில் இருக்கும் கேன்டனுக்கு ஆன் ஆர்பரிலிருந்து 15 மைல் போல. அங்கே கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர். ஆனால் "இதுதான் ஊர் நடு" என்று கை காட்ட அங்கே ஓர் இடம் கிடையாது. ஃபோர்டு ரோடு என்று ஒரு அகல சாலை, அதன் இரண்டு பக்கமும் கடைகள், பெரிய ஐகியா ஒன்று. அவ்வளவுதான்.

ஆன் ஆர்பரில் நீங்கள் கொடுக்கும் பணம் வீட்டுக்கானது அல்ல என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் இருந்தது 1920களில் கட்டிய மர வீட்டின் மாடி. ஒரு குடும்பத்துக்குக் கட்டியதை மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஜன்னல் இடுக்கில் குளிர் காற்று நூல் நூலாக உள்ளே வரும். அடுப்புக்கு மேலே புகைபோக்கி என்று பெயருக்கு ஒன்று, அது புகையை வாங்கி நம் முகத்திலேயே திருப்பி ஊதும். வற்றல் மிளகாய் தாளித்தால் புகை மணி அலறும், கீழ்வீட்டு மாணவன் பதறிக்கொண்டு ஓடி வருவான். கடைசியில் தாளிக்கும்போது ஒருவர் கரண்டியோடும், இன்னொருவர் துண்டை விசிறிக்கொண்டு மணிக்குக் கீழேயும் நிற்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். அந்த வாடகைக்கு கேன்டனில் மூன்று படுக்கையறை, கராஜ், புல்வெளி எல்லாம் வந்திருக்கும்.

அப்படியும் நாலு வருஷம் இருந்தோம். காரணம் சாதாரணம்தான். காலையில் நான் கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தால் 20 நிமிஷத்தில் வேலை. பனி அதிகமென்றால் பஸ். பல்கலைக்கழக அட்டையைக் காட்டினால் நகரப் பேருந்தான 'தி ரைடு' இலவசம், பல்கலைக்கழகத்தின் நீலப் பேருந்துகளும் இலவசம். மருத்துவமனைக்குக் காரில் வருகிறவர்கள் பாடு வேறு. பார்க்கிங் அனுமதி கோல்டு, புளூ, யெல்லோ, ஆரஞ்சு என்று நிறம் நிறமாக இருக்கும். விலை குறைந்த நிறத்தை வாங்கினால் தொலைவில் நிறுத்திவிட்டு அங்கிருந்து மறுபடி பஸ் ஏற வேண்டும். கேன்டனிலிருந்து 25 நிமிஷம் ஓட்டி வந்து, இன்னும் 20 நிமிஷம் பஸ்ஸுக்கு நின்று உட்கார்ந்து போகிறவர்களை எனக்குத் தெரியும். தம்பியின் தாளில் இது '25 நிமிஷம்' என்று பச்சை வண்ணத்தில் இருந்தது.

அப்புறம் நூலகம். பிளேக் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே நகர நூலகம். அங்கே புத்தகம் மட்டுமல்ல, தொலைநோக்கி, இசைக்கருவி, சுவரில் மாட்ட ஓவியம் வரை கடன் தருவார்கள். மே கடைசியில் மருத்துவமனைக்குப் பின்னாலுள்ள நிக்கோல்ஸ் தோட்டத்தில் பியோனிப் பூக்கள் ஒரே நேரத்தில் பூக்கும். அதை நடந்து போய்ப் பார்க்கலாம். சனிக்கிழமை கெர்ரிடவுனில் விவசாயிகள் சந்தை. பல்கலைக்கழகத்தில் தமிழும் கற்பிக்கிறார்கள். திராவிட மொழிக் குடும்பத்தை கால்டுவெல்லுக்கு முன்பே எடுத்துக்காட்டிய எல்லிஸ் துரையைப் பற்றி விரிவாக ஆராய்ந்த தாமஸ் டிரவுட்மன் இங்கே வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். வீடு வாங்க இதெல்லாம் ஒரு காரணமா என்றால் இல்லை. ஆனால் மைனஸ் 15 டிகிரியில், ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும் மாதத்தில், வீட்டுக்கு வெளியே போக ஓர் இடம் இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

அமெரிக்கக் கால்பந்துச் சனிக்கிழமைகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் இருக்கும் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். ஊர் மக்கள்தொகைக்குக் கொஞ்சம்தான் குறைவு. இலையுதிர் காலத்தில் ஏழெட்டு ஆட்டம் இங்கே நடக்கும். அன்றைக்குப் பால் வாங்கக்கூடக் காரை எடுக்கக் கூடாது. ஸ்டேடியம் அருகே வீடு உள்ளவர்கள் முன்புல்வெளியில் கார் நிறுத்த இடம் விட்டுக் காசு பார்க்கிறார்கள். நாங்கள் அன்றைக்குப் பிரியாணி செய்துவிட்டு வீட்டிலேயே கிடப்போம்.

சரி, வாங்குவது என்று வந்தால் வரிக் கணக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. இங்கேதான் வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். 1994இல் மிஷிகன் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த திருத்தப்படி, ஒரு வீட்டின் வரிக்குரிய மதிப்பு ஒரு வருஷத்தில் பணவீக்கத்துக்கு மேல் ஏறக் கூடாது. பணவீக்கம் எவ்வளவு இருந்தாலும் 5 சதவீதம்தான் உச்சவரம்பு. வீடு கை மாறினால் அந்தப் பூட்டு திறந்துகொள்ளும். மதிப்பு ஒரே தாவாகச் சந்தை விலையில் பாதிக்குப் போய்விடும். ஓர் உதாரணம் போடுவோம். 5 லட்சம் டாலர் வீடு. விற்கிறவர் 20 வருஷமாக இருந்ததால் அவருடைய வரிமதிப்பு 1,40,000 டாலரில் நிற்கிறது. 1,000 டாலருக்கு 50 டாலர் வரி என்று வைத்தால் அவர் கட்டுவது வருஷத்துக்கு 7,000. நீங்கள் வாங்கிய பிறகு வரிமதிப்பு 2,50,000. கட்ட வேண்டியது 12,500. இந்தத் தாவல் வாங்கிய மறு வருஷம்தான் வரும். முதல் வருஷம் பழைய வரியை வைத்து, வரியும் சேர்ந்த மாதத் தவணையைக் கணக்குப் போட்டுக் கொடுத்தது எனக்குக் கடன் கொடுத்த கம்பெனி. மறு வருஷம் பற்றாக்குறையையும் சேர்த்து ஒரு கடிதம் வந்தது. தவணை மாதத்துக்கு நானூறு டாலர் போல ஏறியிருந்தது. அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை. விளம்பரத்தில் 'சென்ற ஆண்டு வரி' என்று போட்டிருப்பது விற்கிறவரின் வரி, நம்முடையது அல்ல.

இந்தக் கதை கேன்டனிலும் உண்டுதான், ஆனால் வரி விகிதம் அங்கே குறைவு. ஆன் ஆர்பரில் ஏன் அதிகம் என்பதற்கு ஊர்க்காரர்கள் சொல்லும் முக்கியக் காரணம் பல்கலைக்கழகம். அதன் நிலத்துக்குச் சொத்து வரி இல்லை. 2007இல் ஃபைசர் மருந்து கம்பெனி தன் ஆராய்ச்சி மையத்தை மூடுவதாக அறிவித்தது. நகரத்துக்குப் பெரிய அளவில் வரி கட்டிக்கொண்டிருந்த இடம் அது. 2009இல் பல்கலைக்கழகமே அதை வாங்கியது. ஆராய்ச்சி திரும்பி வந்தது, வரி வரவில்லை. வாடகை ஏன் அதிகம் என்பதிலும் வரிக்கு ஒரு பங்கு உண்டு. சொந்தக்காரர் தானே குடியிருந்தால் பள்ளி வரியில் 1,000 டாலருக்கு 18 டாலர் வரை விலக்கு கிடைக்கும். வாடகைக்கு விட்டால் கிடைக்காது. அது யார் தலையில் விடியும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் ஆட்கள் பலர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். ஆன் ஆர்பர் முகவரி, ஆனால் யுஎஸ்-23 நெடுஞ்சாலையைத் தாண்டி, பிட்ஸ்ஃபீல்டு டவுன்ஷிப்பிலோ சுப்பீரியர் டவுன்ஷிப்பிலோ புதிதாகக் கட்டிய குடியிருப்பு. டவுன்ஷிப் என்றால் இங்கே நகர எல்லைக்கு வெளியே இருக்கும் தனி உள்ளாட்சி. அதனால் வரி குறைவு, வீடு புதிது, ஊர்ப்பெயர் ஆன் ஆர்பர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பல குடியிருப்புகளில் பால் பாக்கெட்டுக்கும் கார் எடுக்க வேண்டும். பஸ் இருந்தாலும் அரை மைல் நடந்து போய் நிற்க வேண்டும். ஆன் ஆர்பர் விலையைக் கொடுத்துவிட்டு கேன்டன் வாழ்க்கை வாழ்வது என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். கேன்டனிலாவது அந்த விலை இல்லை, பக்கத்தில் நம் ஆட்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு பொறியும் அங்கே உண்டு. தபால் முகவரியில் ஆன் ஆர்பர் என்று இருப்பதால் பிள்ளை ஆன் ஆர்பர் பள்ளிக்குத்தான் போகும் என்று எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. பொதுப் பள்ளிகளை நடத்துவது 'பள்ளி மாவட்டம்' என்ற தனி அமைப்பு. அதன் எல்லைக்கோடு டவுன்ஷிப் கோட்டோடு ஒத்துப்போகாது. பிட்ஸ்ஃபீல்டில் ஒரு தெரு ஆன் ஆர்பருக்கு, இன்னொரு தெரு சலீனுக்கு, மூன்றாவது இப்சிலாண்டி பக்கத்துக்குப் போகலாம். அந்தத் தொலைநோக்கி தரும் நூலகமும் பள்ளி மாவட்டத்தை ஒட்டியே எல்லை வைத்திருக்கிறது. ஆகவே தெரு எண்ணைப் போட்டுப் பள்ளி மாவட்டத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், வீட்டுத் தரகர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். மேற்கே சையோ டவுன்ஷிப் பக்கம் பார்ப்பவர்கள் கிணற்று நீரா, நகரக் குழாயா என்றும் கேட்க வேண்டும். வடிகட்டி செய்யும் ஆலை ஒன்றிலிருந்து முன்பு கசிந்த டையாக்சேன் என்ற ரசாயனம் அந்தப் பகுதி நிலத்தடி நீரில் பல பத்தாண்டுகளாக நகர்ந்துகொண்டிருக்கிறது. நகரக் குழாய் நீர் பெரும்பாலும் ஹ்யூரான் ஆற்றிலிருந்து எடுப்பது.

கேன்டனுக்கு வருவோம். எங்கள் தெருவில் இருபது வீடு, அதில் ஏழு வீட்டில் தமிழோ தெலுங்கோ. செர்ரி ஹில் ரோட்டில் கோவில். மாவு அரைத்துத் தருகிற அக்கா ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், வாட்ஸ்ஆப்பில் சொன்னால் போதும். நவராத்திரி வந்தால் ஒன்பது நாளும் எந்த வீட்டில் சுண்டல் என்பதுதான் கேள்வி. பெற்றோர் ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும்போது இது பெரிய வித்தியாசம். ஆன் ஆர்பர் வீட்டில் என் அப்பா உற்சாகமாக இருந்தார். பஸ் ஏறி நூலகம் போவார், தமிழில் இரண்டு வார்த்தை கேட்டால் திரும்பிப் பார்ப்பார், வீட்டுக்கு வந்து கதை சொல்வார். அம்மாதான் மாடி ஜன்னலில் உட்கார்ந்து மாணவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே நாளைக் கழித்தாள். கேன்டனில் தலைகீழ். அம்மாவுக்கு மாலையில் நடக்க நாலு பேர் கிடைத்தார்கள். குளத்தைச் சுற்றி இரண்டு சுற்று, நடையைவிடப் பேச்சு அதிகம். அப்பா, "இது என்னடா திறந்தவெளிச் சிறை" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். யாருக்காக வீடு பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பள்ளி விஷயத்தில் கேன்டனுக்கு ஒரு விநோதம் உண்டு. கேன்டன், சேலம், பிளிமத் என்று மூன்று உயர்நிலைப் பள்ளிகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒரு பாடம் இந்தக் கட்டடம், அடுத்தது அந்தக் கட்டடம் என்று பிள்ளைகள் ஜனவரிப் பனியிலும் முதுகுப்பையோடு குறுக்கே நடப்பார்கள். பாடங்களின் தேர்வு ஏராளம், கூட்டமும் ஏராளம். ஆன் ஆர்பரில் பயனியர், ஹ்யூரான், 2008இல் திறந்த ஸ்கைலைன் என்று தனித்தனி. இரண்டும் நல்ல பள்ளிகள்தான். மதிப்பெண்ணில் அரைப் புள்ளி வித்தியாசத்துக்காக ஊரைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரிய வித்தியாசம் மூன்று மணிக்கு மேல்தான். ஆன் ஆர்பரில் பதின்மூன்று வயதுப் பிள்ளை பஸ் ஏறித் தானே நூலகமோ நீச்சலோ போய்விடும். கேன்டனில் வயலின், பரதநாட்டியம், கணக்கு வகுப்பு, நண்பன் பிறந்தநாள் எதுவானாலும் நாம்தான் டிரைவர். போன வாரம் ஒரு நாள் கணக்குப் பார்த்தேன். வேலைக்குப் போனது தவிர 47 மைல், எல்லாம் ஊருக்குள்ளேயே.

டெட்ராய்ட் புறநகர்களான நோவை, டிராய் பக்கம் சொல்கிறவர்களும் உண்டு. நோவையில் வெங்கடேஸ்வரர் கோவில் இருக்கிறது, ஜப்பானியக் கடைகள் இருக்கின்றன, வேலை ஆபர்ன் ஹில்ஸிலோ வாரனிலோ என்றால் அதுதான் சரி. ஆன் ஆர்பரில் ஒருவருக்கு வேலை இருக்கும்போது தினமும் அங்கிருந்து ஓட்டுவது வீண். இப்சிலாண்டி மலிவு, நாலாம் எண் பஸ் வாஷ்டனா சாலை வழியாக ஆன் ஆர்பருக்குப் போய்க்கொண்டே இருக்கும். கையில் பணம் குறைவாகவும் மனசு இளமையாகவும் இருந்தால் நல்ல தேர்வு, நம் ஆட்கள் காரணமில்லாமல் பயப்படுகிறார்கள். டெட்ராய்ட்டுக்கே போய்விடலாம் என்றால், குடியிருப்பவர் வருமானத்தில் 2.4 சதவீதம் நகர வரி, வெளியிலிருந்து வந்து வேலை செய்தால் 1.2. ஆன் ஆர்பரிலும் டியர்பார்னிலும் அந்த வரி கிடையாது.

தம்பி மனைவியின் பயணம்தான் இந்தக் கணக்கில் சிக்கலான இடம். வரைபடத்தைப் பார்த்தால் ஆசை காட்டும். ஆன் ஆர்பரில் ஆம்டிராக் ரயில் நிலையம், டியர்பார்னிலும் ஒன்று, நடுவில் அரை மணிப் பயணம். ஆனால் அந்தத் தடத்தில் ஓடுவது சிகாகோ ரயில். சிகாகோவில் காலையில் கிளம்பி இங்கே வர மதியமாகிவிடும். காலையில் கிழக்கே அலுவலகம் போக ஒரு ரயிலும் இல்லை. 2016இல் நாலு மாவட்டங்கள் சேர்ந்து பொதுப் போக்குவரத்துக்கு வரி போட வாக்கெடுப்பு வைத்தார்கள், சிறிய வித்தியாசத்தில் தோற்றது. கார் செய்கிற ஊரில் அப்படித்தான் நடக்கும் போலிருக்கிறது. டெட்ராய்ட் நகர மையத்துக்கு டி2ஏ2 என்று ஒரு பஸ் ஆன் ஆர்பரிலிருந்து போகிறது, ஆனால் டியர்பார்னுக்கு அதனால் பயனில்லை. ஆகவே அவள் ஓட்டித்தான் ஆக வேண்டும். ஆன் ஆர்பரிலிருந்து 30 மைல் போல, கேன்டனிலிருந்து அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட.

ஆகக் கேள்வி இப்படி நிற்கிறது. ஆன் ஆர்பருக்குள் இருந்தால் ஒரு கார் போதும், அவள் நீண்ட தூரம் ஓட்டுவாள், அவன் நடப்பான், குழந்தையை விட்டுக் கூட்டிவருவது அவன் பொறுப்பு. கேன்டனில் இருந்தால் இரண்டு கார், இரண்டு பேரும் நடுத்தர தூரம் ஓட்டுவார்கள். இரண்டாவது காரின் தவணை, மிஷிகனின் கொடூரமான இன்ஷூரன்ஸ், பார்க்கிங் அனுமதி மூன்றையும் கூட்டினால் வாடகை வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. தம்பி தாளில் இதைப் போட்டதும் பச்சை வண்ணம் இடம் மாறியது.

என் யோசனையைச் சொன்னேன். குழந்தை பள்ளி போகும் வரை ஆன் ஆர்பரில், பஸ் நிறுத்தத்துக்கு ஐந்து நிமிஷ நடையில் வாடகைக்கு இரு, மேற்குப் பக்கமோ, வடக்கே பிளிமத் ரோடு பக்கமோ. வாங்குவதென்றால் நேராக கேன்டன் வா. நடுவில் நிற்காதே. அவன் மனைவி போனை வாங்கி, "அண்ணா, அப்ப தினமும் 60 மைல் நான் ஓட்டணும், அவர் பூ பார்த்துக்கிட்டே நடந்து போவாரா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று முடிவானது. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு, என் காரில் அவளே ஓட்டினாள். பார்ட்டன் டிரைவில் எம்-14 நெடுஞ்சாலைக்கு ஏறும் வழி இந்தப் பக்கத்தில் பிரசித்தம். வளைவில் ஏறிப் போனால் மேலே ஒரு 'நில்' பலகை. நின்று, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, 65 மைல் வேகத்தில் வரும் லாரிகளுக்கு நடுவே நின்ற இடத்திலிருந்து பாய வேண்டும். இரண்டு லாரி போனது, மூன்றாவது போனது, பின்னால் ஹார்ன். நாலாவது இடைவெளியில் மிதித்தாள். டியர்பார்ன் போய்ச் சேர 48 நிமிஷம். திரும்பும்போது கேன்டனில் எங்கள் வீட்டில் நிறுத்திக் காபி குடித்தார்கள்.

வீடு ஆன் ஆர்பரில்தான் எடுத்திருக்கிறார்கள், மேற்கு ஸ்டேடியம் சாலைக்கு அந்தப் பக்கம், அவள் பார்ட்டன் பக்கம் போகாமல் ஐ-94இல் ஏறிக்கொள்கிற மாதிரி. ஆகஸ்ட் கடைசியில் குடிபுகுகிறார்கள். மாணவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் காலி செய்து ஒரே வாரத்தில் வருவார்கள், தெருவெங்கும் வேண்டாத சோபாவும் மேசையும் கிடக்கும். மேசை எடுக்கலாம், சோபா மட்டும் எடுக்காதே, மூட்டைப்பூச்சி இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.